எப்படிப் பேசினார்?

என்னிடம் யாராவது அளவுக்கு மிஞ்சிய மரியாதையோடு பேசினால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். எதையோ மறைக்கிறார், அல்லது எதையோ முடித்துக்கொண்டு போகிறார் என்று தோன்றும். என் பிள்ளைகள் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். அம்மாவுக்கு வணக்கம் சொன்னாலே போலீஸைக் கூப்பிடுவாள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பிறவியிலேயே நான் சந்தேகப் பிராணிதான். ஆனால் மரியாதையைச் சந்தேகப்படப் பழகியது தண்டையார்பேட்டையில்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். என் கணவரின் பெரியப்பா வண்ணாரப்பேட்டையில் மளிகை மொத்தக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் மூட்டைகளுக்குக் காவல் இருக்கப் பிடிக்காமல் இவர் திருவொற்றியூர்ப் பக்கம் இரும்புச் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் டைம்கீப்பராகச் சேர்ந்தார். கேட்டுக்குப் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்து, சங்கு ஊதியபின் வருகிறவனை லேட் என்று குறிக்கிற வேலை. சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தக் கம்பெனிக்கு மட்டும் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. வெள்ளைக்காரத் தொரை அப்படியே இருந்தார்.

கல்யாணமாகி நான் வந்து இறங்கியது தண்டையார்பேட்டை டோல்கேட் பக்கத்தில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டில். ஒரு நீள நடை, இரண்டு பக்கமும் அறைகள், நடையின் கடைசியில் எல்லாருக்கும் ஒரே குழாய். குதிரை வண்டியிலிருந்து காலைக் கீழே வைப்பதற்குள் கைலி கட்டிய ஒரு ஆள் நடைக்குள்ளிருந்து வந்தார். என் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னாம்மே, நீதான் புதுப்பொண்ணா? இன்னா இப்டி எளச்சிப்போய்க் கீறே? ஒயுங்கா துன்னமாட்டியா?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டு நாயைக்கூட 'வாங்க' என்றுதான் கூப்பிடுவோம். முன்பின் தெரியாத ஆண்பிள்ளை நடுத்தெருவில் நின்றுகொண்டு 'நீ' என்கிறான், 'தின்னமாட்டியா' என்கிறான். பெட்டியோடு ஓடிவிடுவான் என்ற பயம் வேறு. அவர் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனேன். பெட்டி எங்கள் அறையில்தான் இறங்கியது. இருந்தாலும் பூட்டை இழுத்துப் பார்த்தேன்.

அவர்தான் எதிர் அறைக்காரர். என் கணவர் வேலை பார்த்த அதே கம்பெனியில் ஃபிட்டர். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். அவர் மனைவி எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துப் பெண். அவளுடைய அண்ணன்மார் கொண்டுவந்து கொடுக்கிற நண்டில் பாதி எங்கள் சட்டிக்கு வந்துவிடும். இதை எதற்காகத் தருகிறாள், பின்னால் என்ன கேட்கப்போகிறாள் என்று யோசித்துக்கொண்டேதான் முதல் தடவை சமைத்தேன். குழம்பு நன்றாக இருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அவள் புருஷன் பேசும்போதெல்லாம் நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதை அவள் கவனித்திருக்கிறாள். ஒருநாள் குழாயடியில் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னாள்.

"எங்காளு வா, போன்னு சொன்னா மூஞ்சத் திருப்பிக்கிறியே, அது இன்னா தெர்யுமா? புட்ச்சவங்களத்தான் அது அப்டிக் கூப்புடும். வாங்க, போங்கன்னு ஆரம்ச்சிட்ச்சின்னா அந்தாள தல முழுவிட்ச்சின்னு அர்த்தம். எங்க சித்தப்பன ஒரு தபா வாங்கன்னு சொல்லிச்சி. அப்பால அவுரு எங்க வூட்டு வாசப்படிய மிதிக்கவேல்ல."

நான் நம்பவில்லை. புருஷனின் வாய்த்துடுக்கைப் பூசி மெழுகுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒருநாள் சைக்கிள் திருட்டு ஒன்றை விசாரிக்கப் போலீஸ்காரர் ஒருவர் எங்கள் நடைக்குள் வந்தார். "வாங்க சார், உக்காருங்க சார், டீ சாப்புட்றீங்களா சார்?" என்று ஃபிட்டர் குழைந்த குழைவில் நானே அசந்துபோனேன். போலீஸ்காரர் போனதும், அவர் குடித்த கிளாஸைத் தானே குழாயடிக்குக் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அதற்கப்புறம் நான் அவருக்குத் தங்கச்சி ஆனேன், என் கணவர் மாமு ஆனார். தூக்கிய முகத்தை நானும் இறக்கிவிட்டேன். முழுவதும் இறக்கினேன் என்று சொல்லமுடியாது. புதுச் சட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவள் நான்.

இப்படி இருக்கையில் என் கணவரின் போக்கு மாறியது. சங்கு ஊதி எல்லாரும் வீடு வந்து, குளித்து, விளக்கும் ஏற்றியபிறகு வருவார். பலகாரத்தைத் தொடமாட்டார். "வழியில காப்பி குடிச்சுட்டேன்" என்பார். காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து என்னவோ முணுமுணுப்பார். நான் வந்தால் சட்டென்று வாயை மூடிக்கொள்வார். கல்யாணமான ஆண்பிள்ளை கண்ணாடியோடு பேசினால் ஒரே ஒரு காரணம்தான் இருக்கமுடியும் என்று எனக்குப் பட்டது. சட்டையைக் கழற்றிப் போட்டதும் மோந்து பார்த்தேன். மூக்குப்பொடி நாற்றம் அடித்தது. பொடி போடுகிற பெண்பிள்ளையா என்று தலை சுற்றியது.

வெட்கத்தை விட்டு எதிர் அறைக்காரியிடம் சொன்னேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஐய, உன் வூட்டுக்காரு அதுக்கெல்லாம் சரிப்படமாட்டாரு. எதுக்கும் எங்காளப் பாக்கச் சொல்றேன். நீ அழுவாத."

மறுநாள் சாயங்காலம் ஃபிட்டர் வந்து எங்கள் வாசலில் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"தங்கச்சி, பேஜாராவாத. பொம்பளயும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஹெட் கிளார்க் ரூம்ல குந்திகினு இங்கிலீஷ் படிச்சிகினு கீது மாமு. நான் ஜன்னலாண்ட நின்னு பாத்தேன். இஸ்கூல் புள்ள மாறி கையக் கட்டிகினு கீது. கிளார்க் ஆவப்போவுதுபோல. எங்களுக்கு பிரியாணி போடாம வுட்ராத, ஆமா!"

மூக்குப்பொடி ஹெட் கிளார்க்கினுடையது என்பது தெளிவானது. எனக்கு உயிர் வந்தது. அன்று என் கணவர் வந்ததும் நேராகவே கேட்டேன்.

"எனக்குத் தெரியாம என்ன படிக்கீங்க?"

"கிளார்க் வேலை ஒண்ணு காலியாகப் போகுதாம். இங்கிலீஷ் தெரிஞ்சா எனக்குத்தான்னு ஹெட் கிளார்க் சொல்லுதாரு. அவரே சொல்லித்தாராரு. உன்கிட்ட சொன்னா சிரிப்பியேன்னு..."

அவர் அப்படி நினைத்ததில் தப்பில்லை. அவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். நான் எங்கள் ஊர்க் கான்வென்டில் எட்டாவது வரை படித்தவள். கன்னியாஸ்திரீகள் கையால் அடி வாங்கிக் கற்ற இங்கிலீஷ். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. என்ன பாடம் என்று கேட்டேன். ஒரு காரியம் எப்படி நடந்தது என்று சொல்கிற சொற்களாம். எனக்குப் பிடித்த பாடம் அது. எங்கள் கன்னியாஸ்திரீ பிரம்பை மேசையில் தட்டி 'ஹௌ?' என்பார். 'எப்படி?' மணி அடித்தது. எப்படி? சத்தமாக. பெண் நடந்தாள். எப்படி? மெதுவாக. நாம் தமிழில் 'ஆக' போடுகிற இடத்தில் இங்கிலீஷ்காரன் 'லி' போடுகிறான், அவ்வளவுதான் என்று இவருக்குச் சொன்னேன். ஸ்லோ, ஸ்லோலி. குயிக், குயிக்லி.

அவ்வளவுதான் என்று சொன்னேனே தவிர, அந்தப் பாஷையை நான் என்றைக்கும் முழுதாக நம்பியதில்லை. வேகமாக ஓடுகிற 'ஃபாஸ்ட்' இந்த 'லி'யைக் கிட்டேயே அண்டவிடாது. நன்றாக என்பதற்கு 'குட்'டை விட்டுவிட்டு எங்கிருந்தோ 'வெல்' என்று ஒன்றைக் கூட்டிவருவான். எல்லாவற்றையும் விட மோசம் 'ஹார்ட்'. ஒருவன் ஹார்டாக வேலை செய்தான் என்றால் பாடுபட்டு உழைத்தான் என்று அர்த்தம். அதற்கு ஒரு 'லி' போட்டுவிட்டால் அவன் வேலையே செய்யவில்லை என்று ஆகிவிடும். இரண்டு எழுத்தில் உழைப்பாளியைச் சோம்பேறி ஆக்குகிற பாஷை. இதைச் சொன்னதும் இவர் பயந்துபோய் அந்தச் சொல் பக்கமே போகவில்லை.

கொஞ்ச நாள் சந்தோஷமாகவே கழிந்தது. நான் அடுப்படியில் இருப்பேன், அவர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பற்றியே வாக்கியம் செய்வார். என் மனைவி நன்றாகச் சமைக்கிறாள். என் மனைவி கோபமாகத் தண்ணீர் பிடிக்கிறாள். எதிர் அறை ஃபிட்டருக்கு இது பெரிய வேடிக்கை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடையில் வரும்போது, "ஸ்லோலி மாமு, ஸ்லோலி!" என்பார். தண்ணீர் நிற்கப்போகிற நேரத்தில் பெண்டாட்டியைப் பார்த்து, "குயிக்லி, குயிக்லி!" என்று கத்துவார். அவளும் என்னவோ ஒன்றைத் திருப்பிச் சொல்வாள். அது எந்தப் பாஷையிலும் எழுதத் தக்கதில்லை.

ஆனால் ஹெட் கிளார்க்கிடமிருந்து இவர் தினமும் கொண்டுவருகிற புதுச் சொற்கள் என்னை உறுத்த ஆரம்பித்தன. ரூட்லி என்று கொண்டுவந்தார். மரியாதையில்லாமல். இன்சொலன்ட்லி என்று கொண்டுவந்தார். திமிராக. வில்ஃபுல்லி, வேண்டுமென்றே. பொறுமையாக, அன்பாக, அழகாக என்று ஒரு சொல்கூட வரவில்லை. கடைக்குப் போய்வந்தவர் பையில் மிளகாய் மட்டுமே இருந்தால் என்ன சமையல் என்று கேட்கத் தோன்றாதா? இன்னொன்றையும் கவனித்தேன். வாக்கியங்களெல்லாம் ஒன்றுபோல ஆரம்பித்தன. 'ஹி ஸ்போக்', 'ஹி ஸ்போக்' என்று. அவன் பேசினான், அவன் பேசினான்.

ஒருநாள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "யாருங்க அந்த 'ஹி'?"

அவர் முகம் செத்துவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். எதிர் அறைப் பக்கம் தலையை ஆட்டினார்.

பிறகு கதை வெளியே வந்தது. கம்பெனிக்குப் புதிதாக ஒரு லேபர் ஆபீசர் வந்திருக்கிறார். வேறு ஊர்க்காரர், தமிழர்தான், கழுத்தில் டை. சாப்பாட்டு நேரத்தில் பட்டறைக்கு வெளியே வந்து வெயிலில் நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தாராம். நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நம் ஃபிட்டர், ஒரு மரப்பெட்டியைத் தன் துண்டால் துடைத்துப் போட்டு, "இன்னா நைனா, வெயில்ல நின்னுகினு கீறே? இப்டி வந்து குந்து" என்று கூப்பிட்டிருக்கிறார். சுற்றி இருந்தவர்கள் ஒன்றும் நினைக்கவில்லை. ஆபீசர் நெருப்பாகிவிட்டார். அத்தனை பேர் முன்னால் தன்னை அவமானப்படுத்தினான் என்று தொரையிடம் போய்விட்டார். இப்போது விசாரணை. டைம்கீப்பர் ஜன்னல் அந்த நிழலுக்கு நேர் எதிரே. என் கணவர் சாட்சி. தமிழில் சொன்னால் தொரைக்குப் புரியாது, இங்கிலீஷில் நாலு வார்த்தை சொன்னால் போதும், கிளார்க் வேலை நிச்சயம் என்று ஹெட் கிளார்க் சொல்லியிருக்கிறார்.

பட்டறை ஆட்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் வேண்டும் என்று எல்லாருக்காகவும் போய்க் கேட்டவர் இந்த ஃபிட்டர்தான். கம்பெனிக்கு அதில் வந்த கோபம்தான் இப்படி வேறு வழியாக வருகிறது என்று எனக்கு அப்போதே சந்தேகம். இன்றும் அந்தச் சந்தேகம் தீரவில்லை.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"விசாரணை இருக்குன்னு தெரியும். நான் பக்கத்துல இருந்தேன், நான் வந்து சொல்லுவேன்னு நிம்மதியா இருக்காரு."

"அவர் எப்படிப் பேசுவார்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"பேச்சப் பாத்தா மரியாதையில்லாத பேச்சுதான? வந்து இறங்குன அன்னிக்கு உனக்கே எரியலியா?"

"எரிஞ்சுது. அன்னிக்கு எனக்கு இந்த ஊரு தெரியாது. உங்களுக்குத் தெரியும். துண்டால துடைச்சுப் போட்டு ஒருத்தரை உக்காரச் சொல்லுதது திமிரா? அந்த ஆபீசரை 'வாங்க சார்'னு கூப்பிட்டிருந்தாத்தான் அது அவமானம். அவருக்குத்தான் அது தெரியல."

நான் விடவில்லை. எப்படிப் பேசினார் என்று தொரை கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று நானே ஒரு சொல்லைக் கொடுத்தேன். கைண்ட்லி. அன்பாக. ஹி ஸ்போக் கைண்ட்லி. அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். இந்த வேலையே போனாலும் பெரியப்பா கடையில் மூட்டை இருக்கிறது, நாம் பட்டினி கிடக்கமாட்டோம் என்றும் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்து, அப்படியே சொல்கிறேன் என்றார். மறுநாள் காலை கண்ணாடி முன்னால் நின்று அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவைகூட நாக்கு இடறவில்லை. அவ்வளவு சுத்தமாக வந்ததே எனக்குப் பிடிக்கவில்லை.

விசாரணை நாளன்று ஃபிட்டர் எண்ணெய் வைத்துத் தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என் கணவர் தன் சைக்கிளை வெளியே எடுக்கப் போனபோது தடுத்துவிட்டார்.

"உன் வண்டி எதுக்கு மாமு? ஒரே எடத்துக்குத்தான போறோம். பின்னால குந்து."

இவர் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். அந்த மனுஷன் தனக்கு எதிரான சாட்சியைத் தானே மிதித்துக்கொண்டு போகிறாரோ, தன்னைக் காப்பாற்றப்போகிறவரை ஏற்றிக்கொண்டு போகிறாரோ என்று எனக்குத் தெரியவில்லை. தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர் அறைக்காரி என் தோளில் இடித்து, "இன்னாம்மே, சினிமாக்கா போறாங்க, இப்டிப் பாக்குற?" என்றாள்.

சாயங்காலம் சங்கு ஊதுவதற்கு முன்பே என் கணவர் வந்துவிட்டார். தனியாக, நடந்து. முகத்தையும் காலையும் வெகுநேரம் கழுவினார்.

"என்ன ஆச்சு?"

"நல்லபடியா முடிஞ்சுது. நீ சொன்னபடிதான் சொன்னேன்."

"எப்படின்னு சொன்னீங்க?"

"கைண்ட்லின்னுதான்."

"அவர் எங்க?"

"பின்னால வருவாரு" என்று சொல்லிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். பலகாரத்தை மிச்சம் வைக்காமல் தின்றார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து நடையில் காலை நீட்டிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நம்பவேண்டும் என்று எனக்கு அத்தனை ஆசையாக இருந்தது. குழாயடியிலிருந்து எதிர் அறைக்காரி என்ன ஆயிற்று என்று கேட்டபோது, "நல்லபடியா முடிஞ்சுதாம்" என்று சத்தமாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். அன்று வந்த இறாலில் எங்களுக்கும் எடுத்துவைத்திருப்பதாகச் சொன்னாள்.

நடை வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஃபிட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். காலையில் என் கணவர் உட்கார்ந்துபோன கேரியரில் அவருடைய பட்டறைச் சாமான் பெட்டி கயிறு போட்டுக் கட்டியிருந்தது. வேலையை விட்டு அனுப்பினால் தவிர ஃபிட்டர் தன் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவரமாட்டார். இருந்தாலும் நான் காத்திருந்தேன். இன்னா மாமு, ராசா மாறி காலை நீட்டிகினு கீறே என்பார், பெட்டிக்கு ஏதோ ஒரு காரணம் சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் எங்கள் வாசலருகில் நின்றார்.

"சார், கொஞ்சம் காலை மடக்கிக்கிறீங்களா? வண்டி போகணும்."

என் கணவர் காலை மடக்கினார். வண்டி நகர்ந்தபோது பெட்டியின் முனை என் முறத்தில் லேசாக உரசியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மன்னிச்சிக்குங்கம்மா. தெரியாம பட்டுடுச்சு."

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எதிர் அறைக்காரி காதிலும் விழுந்துவிட்டது. அவள் குழாயை மூடிவிட்டு, குடத்தை அங்கேயே விட்டுவிட்டு, எங்களைப் பார்க்காமல் புருஷன் பின்னால் உள்ளே போனாள். கதவு சாத்தப்பட்டது.

என் கணவர் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். "பாத்தியா, எவ்வளவு மரியாதையா பேசுதாரு" என்றார். "கோபமே இல்ல."

என் தலையில் வைத்த கை, கண்ணாடி முன்னால் சுத்தமாகச் சொன்ன அந்தச் சொல், எல்லாம் பொய். முறத்தை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இலையைப் போட்டேன். வாசற்படிக்கு வந்து அவரைக் கூப்பிட்டேன்.

"எழுந்திரிங்க சார். சாப்பிட வாங்க சார்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதுவரை நான் அவரைச் சார் என்று கூப்பிட்டதில்லை.